துபாயில் இருந்துகொண்டே இந்தியப் போலீஸ் சான்று வாங்க முடியுமா?

கேள்வி: துபாயில் 4 வருடமாக வேலை. கனடா பி.ஆருக்கு (நிரந்தர வசிப்புரிமை) பிசிசி, அதாவது போலீஸ் சான்று, கேட்கிறார்கள். இதற்காக ஊருக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். இந்தியாவில் பாஸ்போர்ட் அலுவலகம் தரும் அதே பிசிசியை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தியத் தூதரகமோ துணைத் தூதரகமோ தரும். ஆன்லைனில் படிவத்தை நிரப்பி, பாஸ்போர்ட், விசா நகல்களோடு அவர்கள் சொல்லும் சேவை மையத்தில் கொடுக்க வேண்டும்.

இழுத்தடிப்பது பெரும்பாலும் முகவரிதான். ஊரில் விசாரணைக்கு அனுப்பினால், பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்த முகவரியில் இருக்கும் வீட்டை லோக்கல் ஸ்டேஷனில் இருந்து தேடுவார்கள். அந்த வாடகை வீட்டைக் காலி செய்து 5 வருடம் ஆகியிருந்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்ற ஒரு பதிலில் ஃபைல் படுத்துவிடும். வீடு மாறியிருந்தால் முதலில் புது முகவரியோடு பாஸ்போர்ட்டை மாற்றிவிடுங்கள். அம்மா அப்பாவிடமும் போலீஸ் போன் வரும் என்று சொல்லி வையுங்கள், பாவம், பயந்துவிடுவார்கள்!

இந்தியச் சான்று மட்டும் போதாது. கடந்த 10 வருடத்தில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டுச் சான்றையும் கனடா கேட்கும். துபாய்க்கானதை துபாய் போலீஸ் ஆப்பிலேயே வாங்கலாம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி (திறன் பணியாளர்கள் பி.ஆருக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் கனடாவின் முறை) என்றால், இப்போது வசிக்கும் நாட்டின் சான்று விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அதனால் துபாய் சான்றைக் கடைசியில் எடுங்கள், இந்தியச் சான்றுக்கான வேலையை இன்றே தொடங்குங்கள்.