1,200 சதுர அடி வீடு, மூன்று கொட்டேஷன்: யாரிடம் கொடுப்பது, வேலையை எப்படி நடத்துவது?

கேள்வி: "1,200 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டப் போகிறோம். மூன்று காண்ட்ராக்டர்கள் மூன்று சதுர அடி ரேட் சொல்கிறார்கள். குறைந்த ரேட்டுக்கே கொடுத்துவிடலாமா? மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடாமல் வேலை வாங்குவது எப்படி?"

மூன்று ரேட்டையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். சதுர அடி ரேட்டில் எதெல்லாம் அடங்கவில்லை என்று தெரியாதவரை, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது. அளப்பதிலேயே ஆளுக்கொரு கணக்கு. ஒருவர் வெளிச்சுவர் வரை மட்டும் அளப்பார். இன்னொருவர் ரூஃப் எங்கே முடிகிறதோ அதுவரை, சன்ஷேடையும் சேர்த்து அளப்பார். போர்ட்டிகோ முழுசா பாதியா, மாடிப்படி ஹெட்ரூம் (படிக்கு மேலே மொட்டை மாடியில் வரும் சின்ன அறை) கணக்கில் உண்டா என்பது பில் வரும்போதுதான் தெரியவரும். ரேட்டில் 100 ரூபாய் குறைந்தால் 1,200 சதுர அடிக்கு மிச்சம் 1.2 லட்சம். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், மொட்டை மாடி கைப்பிடிச் சுவர், வெதரிங் கோர்ஸ் (மொட்டை மாடியில் வெயில், மழைக்காகப் போடும் மேல் அடுக்கு), ஜன்னல் கிரில் இவற்றில் இரண்டு மூன்று 'எக்ஸ்ட்ரா' என்று வந்தாலே அந்த மிச்சம் போய்விடும்.

அதனால் அவர்கள் தரும் கொட்டேஷனை வாங்காதீர்கள். உங்கள் இன்ஜினியரிடம் ஒரு தாள் தயார் செய்து, மூன்று பேரும் அதையே நிரப்பித் தரட்டும். சிமென்ட், கம்பி எந்த பிராண்ட், எந்த கிரேடு, செங்கலா பிளாக்கா, அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம், அதற்குமேல் தோண்ட வேண்டி வந்தால் கன அடிக்கு என்ன ரேட், டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, எத்தனை எலக்ட்ரிக்கல் பாயிண்ட், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, கட்டுமானத் தண்ணீரும் கரண்டும் யார் செலவு. இப்படி நிரப்பி வாங்கினால் பெரும்பாலும் ரேட் வித்தியாசம் சுருங்கிவிடும். அதற்குப் பிறகும் ஒருவர் மட்டும் மிகவும் குறைவாக நின்றால், எங்கே மிச்சம் பிடிக்கிறார் என்று நேரடியாகக் கேளுங்கள். சொந்தமாக சென்ட்ரிங் சாமான் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகை, முட்டு) வைத்திருப்பவர் நியாயமாகவே குறைத்துத் தர முடியும். பதிலே இல்லாதவர் கம்பியிலோ சிமென்டிலோ கை வைப்பார்.

முடித்துக் கொடுத்த வீட்டைக் காட்டுவார்கள். பெயின்ட் அடித்த பிறகு எல்லா வீடும் அழகுதான். வேலை நடந்துகொண்டிருக்கும் சைட்டைச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பில்லரில் சாக்கு சுற்றி ஈரமாக இருக்கிறதா, கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) வைத்திருக்கிறார்களா அல்லது உடைந்த ஜல்லியைச் சொருகியிருக்கிறார்களா, சென்ட்ரிங் பிரித்த இடத்தில் ஜல்லி துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். பழைய வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசிப் பணம் வாங்கிய பிறகு போனை எடுத்தாரா?

லேபர் காண்ட்ராக்ட் கொடுத்து சாமானை நீங்களே வாங்குவதாக இருந்தால் அளவு பார்க்கத் தெரிய வேண்டும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 10.7 கிலோ, 8 மி.மீ. என்றால் 4.7 கிலோ. எம்-சாண்ட் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரி தட்டுவதற்கு முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள், தட்டிய பிறகு குவியலை அளந்து சண்டை போட முடியாது.

பணம் வேலைக்கு ஒரு அடி பின்னால்தான் போக வேண்டும். ஒப்பந்தத்தின்போது 5%, பேஸ்மெண்ட் மட்டம் (வீட்டுத் தரை வரை) முடிந்ததும் 15, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் விட்டம்) 15, ரூஃப் கான்கிரீட் 20, பூச்சு 15, டைல்ஸ்-எலக்ட்ரிக்கல்-பிளம்பிங் 20, பெயின்ட் 5, கடைசியாகப் பிடித்து வைப்பது 5. "ஆளுக்குச் சனிக்கிழமை சம்பளம் போடணும் சார்" என்று நடுவில் கேட்பார்கள். கொடுக்கலாம், எந்தக் கட்டத்துக் கணக்கில் கழியும் என்று அன்றே வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டுக் கொடுங்கள். கூடுதல் வேலைக்கும் இதே வழிதான். ரேட் எழுத்தில் வராமல் வேலை தொடங்கக் கூடாது. தொழிலாளர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்த பாலிசி நகலையும் முதல் பணத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

இனி ஒத்துழைப்பு. மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் மூன்று பேருக்கும் தகராறு வருவது பெரும்பாலும் ஒருவர் வேலையை இன்னொருவர் மூடுகிற இடத்தில்தான். ரூஃப் போடும் நாள் அதில் முதலாவது. கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட்டுக்கு முந்தைய நாளை எலக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் ஒதுக்குங்கள். பைப் அடிக்கம்பிக்கு மேலே போக வேண்டும். அவசரத்தில் சென்ட்ரிங் பலகை மேலேயே போட்டுவிட்டால் கம்பிக்குக் கீழே இருக்க வேண்டிய 20 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) போய்விடும், பிறகு பைப் போன வழியிலேயே விரிசல் வரும். பாத்ரூம் பைப் இறங்கும் இடத்தில் அன்றே துண்டுக் குழாய் வைக்காவிட்டால், பின்னால் பிளம்பர் தளத்தைக் குடைவார், கம்பியையும் வெட்டுவார். மேல் கம்பியை ஆட்கள் மிதித்து மிதித்து இறக்கிவிடுவார்கள். சேர் (மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் வளைத்த கம்பி) வைத்துத் தாங்க வேண்டும், நடக்கப் பலகை போட வேண்டும். உங்கள் இன்ஜினியர் பார்த்து போட்டோ எடுத்த பிறகுதான் மிக்ஸர் ஓட வேண்டும்.

கான்கிரீட் போடும் அன்று கவனம் முழுக்கத் தண்ணீரில் இருக்கட்டும். 1:1.5:3 கலவையில் (சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று) ஒரு மூட்டை சிமென்டுக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கலவை தளர்ந்தால் பரப்புவது சுலபம் என்று வாளி வாளியாக ஊற்றுவார்கள். வாளியில் கோடு போட்டுக் கொடுங்கள். 5 அங்குல கனத்தில் 1,200 சதுர அடி என்றால் 500 கன அடி கான்கிரீட், சுமார் 115 மூட்டை, பீமுக்குத் தனி. காலி மூட்டைகளை ஒரு மூலையில் போடச் சொல்லி சாயங்காலம் எண்ணினால் உண்மை தெரிந்துவிடும். வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் மெஷின்) இரண்டு இருக்க வேண்டும், ஒன்று எப்படியும் மக்கர் பண்ணும். மறுநாளிலிருந்து பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்தும் வேலை யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே பெயர் இருக்கட்டும். வீட்டுக்காரர் மேஸ்திரியையும் மேஸ்திரி வாட்ச்மேனையும் நம்பி, மூன்றாம் நாளே தளம் காய்ந்து கிடக்கும்.

இரண்டாவது இடம், மட்டம். தரை டைல்ஸ் போட்டு முடிந்தால் எந்த உயரம் வருமோ, அதிலிருந்து சரியாக மூன்று அடிக்கு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற டியூபால் மட்டம் பார்ப்பது) பிடித்து எல்லா அறைச் சுவரிலும் கோடு போடச் சொல்லுங்கள். தச்சர் நிலை வைப்பது, எலக்ட்ரீஷியன் பாக்ஸ் பதிப்பது, பிளம்பர் குழாய் வாய் எடுப்பது எல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான். கோடு இல்லாத வீட்டில் ஒவ்வொருவரும் அன்றைக்கு இருக்கிற தரையிலிருந்து அளப்பார்கள். முடிவில் கதவின் அடியை அறுப்பார்கள், பாத்ரூம் தண்ணீர் ஹாலுக்கு வரும்.

மூன்றாவது, பாத்ரூம். பைப்பை அழுத்தம் ஏற்றிச் சோதித்துப் பார்த்த பிறகுதான் பூச வேண்டும். வாட்டர்ப்ரூஃபிங் அடித்ததும் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, வெளிச்சுவரிலும் பக்கத்து அறைச் சுவரிலும் கசிவு இல்லையென்று பிளம்பரும் டைல்ஸ்காரரும் சேர்ந்து பார்க்கட்டும். இது நடந்துவிட்டால் பின்னால் 'அவன் ஓட்டை போட்டான், இவன் ஓட்டை போட்டான்' என்ற பேச்சுக்கு வழியில்லை.

பிடித்து வைத்த 5 சதவீதத்தை எப்போது கொடுப்பது என்பதில் காண்ட்ராக்டர் முரண்டு பிடிப்பார். மூன்று மாதம் என்று பேரம் பேசுவார். மாதக் கணக்குக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்த பிறகு என்று எழுதுங்கள். தை மாதம் சாவி வாங்கியவருக்கு, மூன்று மாதக் கணக்கில் சித்திரையில் பணத்தைக் கொடுத்தால், மொட்டை மாடி ஒழுகுவது தெரியவே இன்னும் ஆறு மாதம் இருக்கும்.