அடம்புக்கொடி படம்: பணம் கட்டும் முன் தாளைப் பாருங்கள்

கேள்வி: "ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் நூலின் அடம்புக்கொடி படம், 1692, ஒரிஜினல், கைவண்ணம்" என்று இணையத்தில் ஒருவர் விற்கிறார். சான்றிதழும் தருவாராம். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஆண்டு சரிதான். டச்சு மலபாரின் ஆளுநராக இருந்த வான் ரீட், மலபார்ப் பகுதியின் செடிகொடிகளைப் பற்றித் தொகுத்த அந்த நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. கடற்கரை மணலில் படரும் அடம்பு இருப்பது 1692இல் வந்த பதினொன்றாம் தொகுதியில். ஆனால் அதன் படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கிக் கறுப்பு மையில் அச்சானவை. வண்ணம் பிற்பாடு யாரோ தீட்டியது. போன மாதம் தீட்டியதாகக்கூட இருக்கலாம்.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அந்தக் காலத்துத் தாளில் நெருக்கமான கம்பிக்கோடுகள் தெரியும். கோடே இல்லாமல் ஒரே சீராக இருந்தால் அது 1692 அல்ல, அவ்வளவுதான். அப்புறம், பூதக்கண்ணாடியில் கோடுகள் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைந்து தெரிந்தால் அது இக்கால அச்சு. படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளமும் இருக்க வேண்டும்.

பள்ளம் இல்லாததெல்லாம் போலி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மெட்ராஸில் 1838 முதல் 1853 வரை தாவரவியலாளர் ராபர்ட் வைட் வெளியிட்ட 'ஐகோன்ஸ்' என்ற தாவரப் பட நூலின் படங்கள் கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் முறையில், வந்தவை. ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள் வரைந்தவை. கல்லச்சில் தகடு கிடையாது, அதனால் பள்ளமும் விழாது, கோடும் விரலுக்குத் தட்டுப்படாது. இது தெரியாமல் அந்த அருமையான தாள்களைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. வைட் படத்தில் பள்ளம் தேடாதீர்கள். வான் ரீட் படத்தில் கட்டாயம் தேடுங்கள்.

சான்றிதழை நம்பவே வேண்டாம். விற்கிறவரே அடித்துக்கொடுக்கும் தாளுக்கு என்ன மதிப்பு? நூலகங்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று வான் ரீட் நூலை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கின்றன. அதையே இறக்கி, தேயிலைச் சாயத்தில் முக்கிப் பழசாக்கி விற்கிறார்கள். உண்மையான தாள் வைத்திருக்கும் தரகர்களிலோ முழுப் புத்தகத்தைப் பிரித்துத் தாள்தாளாக விற்கும் கூட்டம் ஒன்று உண்டு. முந்நூறு வருடம் தப்பிப் பிழைத்த நூலை ஒரே பிற்பகலில் கிழித்துவிடுகிறார்கள். விற்பனைத் தளங்கள் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. 'ஒரிஜினல்' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், கேட்பாரில்லை.

தாளின் பின்பக்கத்தையும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபடியும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் வாங்காதீர்கள்.