பழைய கிரேடில் கோப்பு ஓட மாட்டேன் என்கிறது. க்ரூவியிலேயே சரிசெய்வதா, காட்லினுக்கு மாறுவதா?

காட்லினுக்கு மாறலாம், ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். (கிரேடில் என்பது ஆண்ட்ராய்டு செயலியைக் கட்டித் தரும் கருவி, அதற்கான கோப்பை க்ரூவி, காட்லின் என்ற இரண்டு மொழிகளில் ஒன்றில் எழுதலாம்.) திருவாரூரில் படிக்கிறேன், சீனியர்கள் கொடுத்த 2016 ஆண்ட்ராய்டு புராஜெக்டைத் திறந்தால் 'குட் நாட் ஃபைண்ட் மெத்தட் கம்பைல்' என்று வருகிறது, நண்பர்கள் எல்லாவற்றையும் காட்லினில் எழுதிவிடு என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிழைக்கும் காட்லினுக்கும் சம்பந்தமே இல்லை.

எனக்கு இது வருஷா வருஷம் நடப்பதுதான். மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் வியாபாரிக்கு மூட்டைக் கணக்குச் செயலி ஒன்று பார்த்துக்கொடுக்கிறேன். சம்பா அறுவடை நெருங்கும்போதுதான் அவருக்கு அது ஞாபகம் வரும், "தம்பி, ஈரப்பதம் 17க்கு மேல போனா செவப்புல காட்டணும்" என்று போன் வரும், திறந்து பார்த்தால் அதற்குள் கிரேடில் ஒரு படி மேலே போயிருக்கும்.

நூலகங்களை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை, செயலியில் சேர்க்கும் 'கம்பைல்' என்ற சொல்லை 2021இல் வந்த கிரேடில் 7.0இல் எடுத்தேவிட்டார்கள். அதற்குப் பதில் 'இம்ப்ளிமென்டேஷன்' (உள்ளுக்குள் மட்டும்) அல்லது 'ஏபிஐ' (வெளியேயும் தெரியும்). வெறும் பெயர் மாற்றம் என்று நினைக்க வேண்டாம். பழைய முறையில் ஒரு மாட்யூல் (புராஜெக்டின் ஒரு பகுதி) பயன்படுத்தும் நூலகம் அதைச் சார்ந்த எல்லா மாட்யூலுக்கும் கசியும், ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் மறுபடி கம்பைல் ஆகும். இப்போது எது வெளியே தெரியவேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள். டாஸ்க்குக்கு (கிரேடில் செய்யும் ஒரு வேலை) பக்கத்தில் போடும் << குறியும் அப்படித்தான் போனது: அதை விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் நிரல் டாஸ்க் ஓடும்போது ஓடாமல் கோப்பைப் படிக்கும்போதே ஓடிவிடும், எத்தனையோ பேர் இதில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள், 5.0இல் தூக்கிவிட்டு 'டூலாஸ்ட்' என்று வெளிப்படையாக எழுதச் சொல்லிவிட்டார்கள். நூலகங்களை இறக்கித் தரும் 'ஜேசென்டர்' கிடங்கின் வரி இருந்தால் அதையும் எடுத்துவிட்டு 'மேவன்சென்ட்ரல்' போடுங்கள், அந்தக் கடையை மூடுவதாக 2021லேயே அறிவித்துவிட்டார்கள்.

சரி, எப்படிச் செய்வது? ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ கேட்டதும் அப்கிரேடு பொத்தானை அழுத்தியிருப்பீர்கள், அதுதான் ஒரே தாவலில் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கும். எந்தக் கிரேடில் பதிப்பு என்று சொல்லும் பழைய ராப்பர் கோப்பை மீட்டெடுத்து, ஜாவா 8 வைத்து ஒருமுறை ஓடவிடுங்கள் (7.3க்குக் கீழே உள்ள கிரேடில் ஜாவா 17இல் ஓடவே ஓடாது). அப்புறம் ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் கடைசிச் சின்னப் பதிப்புக்கு ஏறி, '--வார்னிங்-மோட் ஆல்' போட்டு (இது 4.5 முதல்தான் உண்டு) ஓட்டி, வருகிற எச்சரிக்கைகளைத் தீர்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கிரேடிலோடு சேர்ந்து ஆண்ட்ராய்டு செயலியைக் கட்டும் ஆண்ட்ராய்டு பிளக்இன் பதிப்பையும் கூடவே ஏற்ற வேண்டும், அது தனியாக முரண்டுபிடிக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் எந்த மாற்றத்தால் எது உடைந்தது என்பது தெரியும்.

அது முடிந்ததும் க்ரூவியிலேயே எழுத்து நடையை மாற்றுங்கள். ஒற்றை மேற்கோளை இரட்டையாக்குங்கள். 'வெர்ஷன்நேம்' என்று எழுதி இடைவெளி விட்டு மதிப்பைப் போடும் இடங்களில் சமக்குறி வையுங்கள், இடைவெளி நடைக்கு 8ஆம் வரிசையிலேயே எச்சரிக்கை வர ஆரம்பித்துவிட்டது. மெத்தட் அழைப்புக்கு அடைப்புக்குறி போடுங்கள். இவ்வளவும் செய்துவிட்டால் கோப்பு பாதி காட்லின் மாதிரி ஆகிவிடும், கோப்புப் பெயரின் கடைசியில் '.கேடிஎஸ்' (காட்லின் கோப்பு என்ற அடையாளம்) சேர்த்தபின் சிவப்புக் கோடுகள் கொஞ்சம்தான் மிஞ்சும். அதில் பெரும்பாலும் பழைய 'டாஸ்க் கிளீன்' மாதிரி வரிகள்தான் இருக்கும், அவற்றை 'டாஸ்க்ஸ்.ரெஜிஸ்டர்' ஆக்கினால் போதும்.

காட்லின் கட்டாயமா என்றால் இல்லை. 2018இல் கிரேடில் 5.0 வந்தபோதே அது பயன்பாட்டுக்குத் தயார், 2023இல் 8.2 முதல் புது புராஜெக்டுக்கு அதுதான் இயல்பு, ஆனாலும் க்ரூவியை யாரும் எடுக்கவில்லை. காட்லினில் எழுதும்போதே பிழை தெரியும், தானாக வரி நிரப்பித் தரும், எனக்கு அது பிடிக்கும். முதல் பில்டு மட்டும் கொஞ்சம் இழுக்கும். நூலகப் பதிப்புகளை ஒரே இடத்தில் பட்டியலிடும் வெர்ஷன் கேட்டலாக், அந்த 'டாமல்' கோப்பு, அதெல்லாம் நான்கைந்து மாட்யூல் இருக்கிறவர்களுக்கு உதவும், ஒரே மாட்யூல் உள்ள கல்லூரிப் புராஜெக்டில் இப்போதைக்கு அதைத் தொடவேண்டாம்.