லிப்பிகேப்: சேலம் நண்பர்கள் கேட்டவை

(லிப்பிகேப் என்பது நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் படிக்க உதவும் சி மொழி லைப்ரரி.)

அம்மாபேட்டையிலிருந்து: அண்ணா, வரும் பாக்கெட்டின் பாயின்டரை லிங்க்டு லிஸ்ட்டில் போட்டு வைக்கிறேன். பிறகு எடுத்துப் பார்த்தால் உள்ளே வேறு ஏதோ குப்பை. ஏன்?

அந்த மெமரி லைப்ரரிக்குச் சொந்தம் தம்பி, உங்களுக்கு இல்லை. பிகேப்_லூப் என்றால் கால்பேக் (பாக்கெட் வந்ததும் லைப்ரரி கூப்பிடும் உங்கள் ஃபங்ஷன்) முடியும் வரைதான் பாயின்டர் செல்லும். பிகேப்_நெக்ஸ்ட்_இஎக்ஸ் என்றால் அடுத்த முறை அதைக் கூப்பிடும் வரை. அதற்கு மேலும் வேண்டுமென்றால் மேலாக்கில் சொந்தமாக மெமரி ஒதுக்கி, மெம்காப்பியால் நகலெடுத்துக்கொள்ளுங்கள். டேட்டாவை மட்டும் நகலெடுத்துவிட்டு, நேரமும் நீளமும் இருக்கும் ஹெடரை மறந்துவிடாதீர்கள். அதற்கும் அதே விதிதான்.

ஓமலூர் மாணவி: கேப்லென், லென் என்று இரண்டு நீளம் வருகிறதே, எதை நம்புவது?

லென் என்பது ஒயரில் ஓடிய நீளம். கேப்லென் உங்கள் கைக்கு வந்தது. ஸ்னாப்லென் (ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் எத்தனை பைட் பிடிப்பது) 96 என்று வைத்தால் 1514 பைட் பாக்கெட்டிலும் 96 பைட்தான் கிடைக்கும். லென்னை நம்பிப் படித்தால் பஃபரைத் தாண்டிப் போவீர்கள்.

ஒவ்வொரு ஹெடரைத் தொடும் முன்பும் கேப்லென் போதுமா என்று பாருங்கள். ஈத்தர்நெட்டுக்கு 14 பைட். ஐபிவி4 ஹெடரை 20 என்று எழுதிவிடுகிறார்கள், அது தப்பு. முதல் பைட்டின் கீழ் 4 பிட்டை 4-ஆல் பெருக்குங்கள்; 20 முதல் 60 வரை வரலாம், 20-க்குக் கீழே வந்தால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம், பேலோடு (ஹெடர்களுக்குப் பின் வரும் டேட்டா) நீளத்தைக் கேப்லென்னிலிருந்து கழித்து எடுக்காதீர்கள். ஆப்ஷன் இல்லாத வெறும் டிசிபி ஏசிகே ('கிடைத்தது' என்று சொல்லும் பதில் பாக்கெட்) 54 பைட்தான். ஈத்தர்நெட் அதை 60-க்கு நிரப்பி அனுப்பும். அந்த 6 பைட்டை டேட்டா என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஐபி ஹெடரில் உள்ள மொத்த நீளத்தை என்டிஓஎச்எஸ் (நெட்வொர்க் பைட் வரிசையை உங்கள் கணினியின் வரிசைக்கு மாற்றும் ஃபங்ஷன்) போட்டு எடுங்கள்; அதிலிருந்து ஐபி, டிசிபி ஹெடர்களின் நீளத்தைக் கழியுங்கள், அதுதான் கணக்கு.

ஏற்காடு எஸ்டேட்டிலிருந்து: மழைமானிகள் அனுப்பும் யுடிபியை ராஸ்பெர்ரி பையில் பிடிக்கிறேன். ஈத்0 இன்டர்ஃபேஸில் ஓடிய அதே புரோகிராமுக்கு, எல்லா இன்டர்ஃபேஸையும் சேர்த்துப் பிடிக்கும் 'எனி' கொடுத்தால் ஐபி முகவரியெல்லாம் தாறுமாறு.

'எனி'யில் ஈத்தர்நெட் ஹெடர் கிடையாது. லினக்ஸ் தன் சொந்த ஹெடரை வைக்கும், முதல் வகையில் 16 பைட், இரண்டாம் வகையில் 20. எந்த வகை ஹெடர் என்று பிகேப்_டேட்டாலிங்க்கைக் கேட்டுவிட்டு, அத்தனை பைட் தாண்டி நகருங்கள். ஆனால் ஒன்று சார், உங்கள் கருவி உங்கள் ராஸ்பெர்ரி பைக்கே அனுப்புகிறது என்றால் சாதாரண சாக்கெட்டும் ரெசிவ்ஃப்ரமும் போதுமே. அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோட்டுக்குப் போக ஏற்காடு ஏறி இறங்குவானேன்?

சூரமங்கலம்: டிராஃபிக் கூடினால் பாக்கெட் தொலைகிறது.

பிகேப்_ஸ்டாட்ஸில் டிராப் எண்ணிக்கையைப் பாருங்கள். கால்பேக்குக்குள் பிரின்ட்எஃப் இருந்தால் முதலில் அதை எடுங்கள். தேவையில்லாததைக் கெர்னலிலேயே கழிக்க ஃபில்டர் போடுங்கள். பெர்க்லியில் மெக்கானும் வான் ஜேகப்சனும் 1993-இல் பிபிஎஃப் என்ற கெர்னல் ஃபில்டர் பற்றி எழுதியது இதற்காகத்தான். பஃபரைப் பெரிதாக்க பிகேப்_கிரியேட்டுக்கும் பிகேப்_ஆக்டிவேட்டுக்கும் நடுவில் சொல்ல வேண்டும். பிகேப்_ஓப்பன்_லைவில் அதற்கு வழியில்லை.

அதே நண்பர்: நான் அனுப்பும் பாக்கெட்டில் மட்டும் செக்சம் (பிழை சரிபார்க்கும் எண்) தப்பாகக் காட்டுகிறதே?

பெரும்பாலும் நெட்வொர்க் கார்டு அதைப் பிறகு போடும். நீங்கள் அதற்கு முன்பே பிடிக்கிறீர்கள். விடுங்கள்.

ஆத்தூர்: புரோகிராமை ஓட்ட ஒவ்வொரு தடவையும் சூடோ (ரூட் உரிமை) போட வேண்டுமா?

வேண்டாம். செட்கேப் மூலம் புரோகிராமுக்கு நெட்-ரா உரிமை (பாக்கெட்டை நேரடியாகப் பிடிக்கும் உரிமை) மட்டும் கொடுங்கள். மறுபடி கம்பைல் செய்தால் அது போய்விடும், திரும்பக் கொடுக்க வேண்டும். கல்லூரி நெட்வொர்க்கில் அனுமதி கேட்காமல் ஓட்டாதீர்கள்.