மேற்கோள் குறி மாறவில்லையே?

கேள்வி: என் இணையப் பக்கத்தில் தமிழ், ஜெர்மன், பிரெஞ்சுப் பத்திகள் உண்டு. மூன்றிலும் “ ” குறியே விழுகிறது. ஏன்?

பதில்: கையால் தட்டியிருப்பீர்கள். குறிகளை அழித்துவிட்டு மேற்கோளை எச்டிஎம்எல்லின் ‘க்யூ’ (<q>) டேகுக்குள் போடுங்கள். குறியை பிரவுசரே போட்டுக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு பத்திக்கும் ‘லாங்’ (lang) பண்பில் மொழியைச் சொல்லியாக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சொன்னால் ஜெர்மனில் „ “, பிரெஞ்சில் « » வரும். தமிழ் வாக்கியத்துக்குள் பிரெஞ்சு மேற்கோள் வந்தால் தமிழ்க் குறிதான் முறை. சுற்றியுள்ள மொழியே தீர்மானிக்கும். பிரவுசருக்குப் பிரவுசர் மாறினால், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ‘கோட்ஸ்’ (quotes) பண்பில் வெளிக்குறி இரண்டு, மேற்கோளுக்குள் வரும் மேற்கோளுக்கான உள்குறி இரண்டு என நான்கையும் எழுதிவிடுங்கள்.

குறிக்குப் பதில் இரண்டு மூன்று குப்பை எழுத்துகள் தெரிகிறதா? அது வேறு நோய். யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) உள்ள கோப்பை பிரவுசர் வேறு குறியாக்கமாகப் படிக்கிறது. ‘மெட்டா சார்செட்’ (<meta charset="utf-8">) வரியைத் தலைப்பகுதியின் (<head>) முதலில் வையுங்கள்.