பேஸ் கிட்டாரை நம்பிப் பிழைக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வயது 22. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டேன். ஆலயப் பாடகர் குழுவில் சில வருடங்களாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கோயில் கொடைத் திருவிழா சீசனில் இன்னிசைக் கச்சேரிக்கும் கூப்பிடுவார்கள். ராக் பேண்டுகளுக்கு செஷன் பேஸ் வாசிப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ள ஆசை. அதற்குச் சென்னைக்குப் போய்த்தான் ஆகவேண்டுமா? ஐந்து கம்பி பேஸ் வாங்கலாமா? அப்பா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்.

பதில்: தம்பி, பேண்டில் ஒருவராக இருப்பது வேறு, பேண்டுக்குச் சம்பளத்துக்கு வாசித்துக் கொடுப்பது வேறு. செஷன் என்பது இரண்டாவது. டாரில் ஜோன்ஸ் என்பவர் 1993-இலிருந்து ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவுக்கு பேஸ் வாசிக்கிறார். முப்பது வருடம் தாண்டியும் அவர் அந்தக் குழுவின் அதிகாரபூர்வ உறுப்பினர் கிடையாது. இதைக் கேட்டதும் உங்களுக்கு மனசு சுருங்கினால், நாலு நண்பர்களைச் சேர்த்து சொந்த பேண்ட் தொடங்குங்கள். ‘அதனால் என்ன, வேலை நல்ல வேலைதானே’ என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

ராக்கை மட்டும் வாசித்து மாதச் செலவை ஓட்டுகிற பேஸ் கலைஞர் யாரையும் தமிழ்நாட்டில் நான் பார்த்ததில்லை. பேஸில் பிழைப்பவர்கள் சினிமா ரெக்கார்டிங், கல்யாண வரவேற்பு, கிறிஸ்துமஸ் சீசன், காலேஜ் கல்சுரல்ஸ், பிள்ளைகளுக்கு வகுப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பிழைக்கிறார்கள். ராக் அதற்கு நடுவே வருகிற சந்தோஷம். அப்பாவிடம் பேசும்போது இந்தக் கணக்கோடு பேசுங்கள். டிப்ளமோவுக்கு ஏற்ற வேலையில் இருந்துகொண்டே சனி, ஞாயிறு வாசிக்கிறேன் என்றால் அவரும் கொஞ்சம் இறங்கி வருவார்.

செஷன் ஆளிடம் எதிர்பார்ப்பது வேகமான விரல்களை அல்ல. குறைந்த நேரத்தில் பாட்டைப் பிடித்து, தப்பில்லாமல் வாசிப்பதைத்தான். 2002 ஜூன் 27-ஆம் தேதி, ‘தி ஹூ’ ராக் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதற்கு முந்தின நாள், அவர்களுடைய பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில் இறந்துபோனார். செஷன் கலைஞர் பினோ பல்லடினோவைக் கூப்பிட்டார்கள். ஜூலை 1-ஆம் தேதி அவர் மேடையில் நின்றார். அந்தச் சில நாளில் ஒரு முழுக் கச்சேரியை மண்டையில் ஏற்றியிருக்கிறார்.

இந்தப் பயிற்சி உங்களுக்குக் கொடையிலேயே கிடைக்கிறதே! ரிகர்சல் கிடையாது, இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பம், பாடகர் மைக்கைக் கையில் வாங்கிய பிறகுதான் ‘அண்ணாச்சி, அரைக்கட்டை இறக்கிக்கோங்க’ என்பார். 3 கட்டை, அதாவது ஈ ஸ்கேலில் பழகிய பாட்டு இரண்டரைக் கட்டைக்குப் போகிறது. நாலு கம்பி பேஸின் அடிக்கம்பியே ஈதான். அதற்குக் கீழே சுரம் இல்லை. திறந்த கம்பியை, அதாவது விரல் அழுத்தாமல் மீட்டுகிற கம்பியை நம்பி வாசித்துப் பழகியவர் அங்கே மாட்டிக்கொள்வார். அதனால் எந்தப் பாட்டையும் திறந்த கம்பி இல்லாமல், மேல் ஆக்டேவிலும் ஒருமுறை வாசித்துப் பழகுங்கள். கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டங்களை) பெயராக எழுதாமல், ஸ்கேலில் எத்தனையாவது என்று 1, 4, 5, 6 என எண்ணாக எழுதி வையுங்கள். ஸ்கேல் மாறினாலும் தாள் மாறாது. ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் போதும்: முன்னிசை எத்தனை பார் (தாளச் சுற்று), பல்லவி, சரணம், எங்கே கட், டிரம்மர் எங்கே ரோல் போடுகிறார். ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதுகிற மேற்கத்திய இசைக்குறி தெரிந்தால் சினிமா ரெக்கார்டிங்குக்கு உதவும். ராக் பேண்டில் அநேகமாகக் கேட்க மாட்டார்கள்.

சரி, ஐந்து கம்பி. ராக் பேண்டுகளில் பலர் அரை சுரம் இறக்கித்தான் சுதி சேர்க்கிறார்கள், ஆகவே ஈக்குக் கீழே கூடுதலாக வருகிற அந்த பி கம்பி உதவும்தான். ஆனால் அது ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ். ஈ கம்பியே 41 ஹெர்ட்ஸ். கோயில் திடலில் கட்டுகிற ஸ்பீக்கர்களில் பாதி இந்தச் சத்தத்தைச் சரியாகக் கொடுக்காது. அங்கே காதில் விழுவது 80 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதுதான். மிக்சரில் ‘பேஸ் கூட்டுங்க’ என்று கத்துவதைவிட மிட்டை, அதாவது நடு அலைவரிசையைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னால் சட்டென்று கேட்கும். இப்போதைக்கு இருக்கிற நாலு கம்பியை நல்ல ஆளிடம் கொடுத்து செட்டப் (கம்பி உயரம், சுதி சரிபார்ப்பு) செய்துகொண்டு, மிச்சப் பணத்தில் கிட்டாரைக் கணினியில் இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும், மேடையில் மிக்சரில் நேராகச் செருக உதவுகிற டிஐ பாக்ஸ் ஒன்றும் வாங்குங்கள். உங்களுடையது பேட்டரியில் ஓடுகிற ஆக்டிவ் பேஸ் என்றால், வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் உள்ளே இருக்கிற 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோகும்.

இன்டர்ஃபேஸ் இருந்தால் சென்னைக் கேள்விக்கும் பாதிப் பதில் வந்துவிடும். நம்ம நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு அறையில் உட்கார்ந்து பெங்களூரு பேண்டுக்கு வாசித்து அனுப்பலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. எஃபெக்ட் எதுவும் போடாத சுத்தமான சிக்னல் ஒன்று, உங்கள் ரசனைக்கு ஆம்ப் சத்தம் ஏற்றியது இன்னொன்று. இரண்டும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மிக்ஸ் பண்ணுகிறவர் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பொருத்துவார், அப்புறம் உங்களைக் கூப்பிட மாட்டார். மேடை வாய்ப்புகள் மட்டும் நேரில் பழகினால்தான் வரும். அதற்கு நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. முதலில் போய் வந்து பழகுங்கள், கூப்பிடுகிறவர்கள் பெருகிய பிறகு குடிபெயர்வதைப் பற்றி யோசிக்கலாம். சினிமா ரெக்கார்டிங்தான் குறி என்றால் சென்னையில் இருந்தே ஆகவேண்டும், அங்கே சங்க உறுப்பினர் விவகாரமும் இருக்கிறது.

காசு விஷயத்தில் கூச்சம் வேண்டாம். தொகை, எத்தனை பாட்டு, எத்தனை ரிகர்சல், போக்குவரத்து யார் பொறுப்பு, திருத்தம் எத்தனை முறை, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். பான் அட்டையைக் கொடுங்கள்; கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தாலும் கணக்குத் தாக்கல் செய்தால், வரி வராத வருமானத்துக்கு அது திரும்பி வரும். ஆல்பம் என்றால் உங்கள் பெயர் எங்கே வரும் என்று வாசிப்பதற்கு முன்பே கேளுங்கள். ரெக்கார்டிங் முடிந்த பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.

இன்னொன்று, காது. பேஸ் வாசிப்பவர் நிற்கிற இடமே டிரம்ஸ் பக்கத்தில்தான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்றால், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கிற காதடைப்பான் ஒரு செட் கம்பியைவிடக் கனத்த விலை இல்லை. அடுத்த கொடைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.