நீங்கள் தேடுவது 1984 படம், கையில் இருப்பது ரீமேக்

நண்பரே, சின்ன வயதில் கேபிளில் பார்த்த 'மாயக் கப்பல்' படம் என்று நினைத்து பர்மா பஜாரில் டிவிடி வாங்கினால் கதை வேறாக ஓடுகிறது, ஒரே ஒரு முகம் மட்டும் பழகியதாக இருக்கிறது என்கிறீர்கள். குழம்ப வேண்டாம். அந்தப் படம், அதாவது 'தி பிலடெல்பியா எக்ஸ்பெரிமென்ட்', இரண்டு முறை எடுக்கப்பட்டது.

1943இல் கப்பலிலிருந்து குதிக்கும் இரண்டு மாலுமிகள் 1984இன் நெவாடா பாலைவனத்தில் விழுந்தால் அது பழைய படம். கப்பலே நம் காலத்துக்கு வந்து நின்றால், 2012இல் சைஃபை சேனலுக்காகச் சிக்கனமாக எடுத்த ரீமேக். அந்தப் பழகிய முகம் மைக்கேல் பாரே. முதல் படத்தின் ஹீரோ, ரீமேக்கில் வில்லன் பக்கம்!

என்னைக் கேட்டால் பழையதே போதும். அதிலும் கிராபிக்ஸ் சுமார்தான். ஆனால் 41 வருஷம் தாண்டி வந்தவனின் தவிப்பு நிற்கிறது. டிவியில் நடிகர் ரீகனை அமெரிக்க அதிபராகப் பார்த்து மாலுமி திகைப்பான். நடிகர் ஆட்சிக்கு வருவது சென்னைக்காரர்களுக்கு என்ன அதிசயம்?

நிஜமாக நடந்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். படத்தில் வரும் அமெரிக்கப் போர்க்கப்பல் எல்ட்ரிட்ஜ் நிஜம், அதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்ததாகச் சொல்லும் சோதனை கட்டுக்கதை. காந்தக் கண்ணிவெடிகளுக்குச் சிக்காமலிருக்க அக்காலத்தில் கப்பலைச் சுற்றி மின்கம்பி ஓட்டுவார்கள். வெடிக்கு 'தெரியாது', கண்ணுக்கு நன்றாகவே தெரியும். 1951இல் எல்ட்ரிட்ஜை கிரேக்கக் கடற்படைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த முறை அட்டையில் வருஷத்தைப் பாருங்கள். 1993இல் இரண்டாம் பாகம் ஒன்றும் வந்திருக்கிறது, அதையும் தலையில் கட்டிவிடப் போகிறார்கள்.